கேட்டீர்கள், சொல்கிறோம்: அம்மாவை எழுதிவைக்க எங்கிருந்து தொடங்குவது?

மனைவியை, அம்மாவை இழந்த வீடுகளிலிருந்து பெங்களூரு வாசகர்கள் எழுதிய கடிதங்கள் இந்த முறை நிறையச் சேர்ந்துவிட்டன. குரல், படம், கைப்பக்குவம், சேலை, திதி என்று பல கேள்விகள். தள்ளிப்போடக் கூடாத ஒரு கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

அம்மா போய் இரண்டு மாதம் ஆகிறது. அவருடைய போன் சார்ஜில்தான் இருக்கிறது. வாட்ஸப்பில் அம்மா பேசி அனுப்பிய குரல் பதிவுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அப்பா, "சிம்மை கேன்சல் செய்துவிட்டு போனைப் பேரனுக்குக் கொடுக்கலாம்" என்கிறார். என்ன செய்யட்டும்?
(வாசகி, அல்சூர்)

போனை யாருக்கும் கொடுக்காதீர்கள், சிம்மை இப்போதைக்கு எடுக்காதீர்கள். ஒரு மாதம் பொறுக்கச் சொல்லி அப்பாவிடம் பேசுங்கள். ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பு போய்விடலாம். பிறகு அந்த எண் வேறொருவர் கைக்குப் போகும். அவர் அதில் வாட்ஸப் தொடங்கினால் அம்மாவின் போனில் வாட்ஸப் வெளியேறிவிடும். வாட்ஸப் கணக்கே 120 நாள் செயல்படாமல் கிடந்தால் நீக்கப்படுவது வழக்கம். எனவே சிறிய ரீசார்ஜ் ஒன்று போட்டுவையுங்கள். எண்ணை நிரந்தரமாக வைத்துக்கொள்ள விரும்பினால், இறப்புச் சான்றிதழைக் காட்டி வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். வங்கியின் ஓடிபி இந்த எண்ணுக்குத்தான் வருமென்றால் அந்த வேலைகளையும் முடித்துவிட்டுச் சிம்மைத் தொடுங்கள்.

இன்னொரு ஆபத்து, போன் அணைந்துபோவது. உங்கள் விரல் ரேகை அம்மாவின் போனில் பதிவாகியிருக்கலாம். ஆனால் போன் ஒருமுறை அணைந்து எழுந்தால் ரேகை போதாது, பின் நம்பரோ பேட்டர்னோ கேட்கும். அது வீட்டில் யாருக்கும் தெரியாது என்றால் அத்தனையும் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். அதனால் பதிவுகளை வெளியே எடுக்கும் வேலையை இன்றைக்கே செய்யுங்கள்.

ஆண்ட்ராய்டு போனைக் கேபிள் போட்டுக் கணினியில் இணைத்து, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸப், வாட்ஸப், மீடியா என்று ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து போனால் 'வாட்ஸப் வாய்ஸ் நோட்ஸ்' இருக்கும். அதற்குள் ஆண்டும் வாரமும் சேர்ந்த எண்களில் துணை ஃபோல்டர்கள் காணப்படும். ஃபோல்டரை முழுதாக அப்படியே நகலெடுங்கள். ஒவ்வொரு பதிவின் பெயரிலும் 20230114 என்பது போலத் தேதி இருக்கும். பெயரை மாற்றிவிட்டால் என்றைக்குப் பேசியது என்பது தொலைந்துபோகும். அந்தப் பெயரில் பேசியவர் யார் என்பது இருக்காது. ஆகவே அப்பா, தம்பி, சித்தி ஆகியோரின் போன்களில் அம்மாவோடு நடந்த உரையாடலைத் திறந்து, 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து, மீடியாவோடு சேர்த்து எடுத்துவைக்கவும். மீடியாவோடு எடுத்தால் கடைசி 10,000 செய்திகள்வரைதான் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

நகல் மூன்று இருக்கட்டும்: ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில், ஒன்று ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். பென் டிரைவை மட்டும் நம்பி அலமாரியில் போட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செருகி, திறந்து, கேட்டுப் பார்க்க வேண்டும். அம்மாவின் கூகுள் கணக்கில் படங்கள் இருந்தால் அதையும் இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு யாரும் நுழையாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம்.

எதைக் காப்பது, எதை விடுவது என்று இப்போது பிரிக்க வேண்டாம். "பால்காரன் வந்தானா, கேஸ் புக் பண்ணியா" என்ற எட்டு நொடிப் பதிவுதான் பத்து வருடம் கழித்துத் திரும்பத் திரும்பக் கேட்கப்படும்.

என் மனைவி இறந்து எட்டு மாதம். 41 ஆண்டு ஒன்றாக வாழ்ந்தோம். முதல் வருட நினைவு நாளுக்குச் சிறு புத்தகம் போட வேண்டும், அதை நான்தான் எழுத வேண்டும் என்கிறார்கள் பிள்ளைகள். உட்கார்ந்தால் "அன்பானவள், பொறுமைசாலி" என்பதற்கு மேல் ஒரு வரி வரமாட்டேன் என்கிறது.
(ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர், ஜாலஹள்ளி)

ஐயா, "பிறந்தாள், வளர்ந்தாள், மணந்தாள்" என்று தொடங்கினால் யாருக்குமே வராது. 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அவர்கள் பயன்படுத்திய ஒரு பொருளின் பெயரை எழுதுங்கள்: அஞ்சறைப்பெட்டி, கைப்பை, கண்ணாடிக்கூடு, மூக்குத்தி, பூத்தொடுக்கும் வாழைநார் டப்பா, சாமி அலமாரிச் சாவி, ரேஷன் பை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி போதும். எப்போது வீட்டுக்கு வந்தது, எங்கே இருக்கும், உள்ளே என்ன இருக்கும், வேறு யார் தொடலாம், இப்போது எங்கே இருக்கிறது. கைப்பையை யாரும் காலிசெய்வதற்கு முன்னால் உள்ளிருப்பதைப் பட்டியல் போடுங்கள். பழைய பஸ் டிக்கெட், மடித்த மருந்துச்சீட்டு, சில்லறை முடிந்த கைக்குட்டை, ஹேர்பின், கோவில் குங்குமப் பொட்டலம். அந்தப் பட்டியலே ஒரு பக்கம் ஆகிவிடும். அதில் நீங்கள் ஒரு பெயரடைகூடச் சேர்க்க வேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் எழுத வேண்டாம். களைத்த மனம் நேரே ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போய் நின்றுவிடும்.

அடுத்து, அவர்களுடைய ஒரு முழு நாளை மணிக்கணக்கில் எழுதுங்கள். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போன காலமாக இருக்கட்டும். காவிரித் தண்ணீர் குழாயில் எத்தனை மணிக்கு வரும், முதல் குடத்தைப் பிடித்தது யார், உங்கள் ஷிப்ட் பஸ்ஸுக்கு டிபன் கேரியரில் என்ன கட்டினார்கள், பகலில் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மாவிடம் என்ன மொழியில் பேசினார்கள், சாயங்காலம் எந்தக் கடையில் பூ. "கன்னடம் சரளமாகப் பேசுவார்" என்பதைவிட, அவர்கள் முதன்முதலில் கற்ற கன்னட வாக்கியம் எது, யாரிடம் என்று எழுதினால் படிப்பவருக்கு ஆள் தெரியும்.

பிறகு பெயரடைகளைத் தேடி அடியுங்கள். 'விருந்தோம்பலில் சிறந்தவர்' என்று இருந்தால், ஆறு பேருக்குச் சமைக்கும்போது எத்தனை பேருக்கு உலை வைப்பார்கள் என்று எழுதுங்கள். 'சிக்கனமானவர்' என்றால், சீட்டு எத்தனை ரூபாய், யாரிடம், எடுத்த பணத்தில் என்ன வாங்கினார்கள். நகை எப்போது அடகுக்குப் போனது, எதற்காக, எப்போது திரும்பி வந்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். நம் வீடுகளில் மனை வாங்கிய கதையும் பிள்ளை கல்லூரியில் சேர்ந்த கதையும் பெரும்பாலும் ஒரு பெண்ணின் வளையலில்தான் தொடங்குகின்றன. நினைவு மலர்களில் அது மட்டும் வருவதே இல்லை.

அவர்கள் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்? பெயர் சொல்லியிருக்க மாட்டார்கள். "ஏங்க"வா, "இந்தாங்க"வா, மகன் பெயரைச் சொல்லி "அவங்கப்பா"வா? கோபத்தில் அது எப்படி மாறும்? நீங்கள் ஒருவர்தான் எழுதக்கூடிய வரி அது. அதை முதல் பக்கத்தில் வையுங்கள்.

ஐந்து பேரிடம் பேசி, கேட்டு, பதிவு செய்யுங்கள்: அவர்களின் தங்கை அல்லது அண்ணன், பள்ளித் தோழி இருந்தால் அவர், பக்கத்து வீட்டார், சீட்டுக் குழுவில் ஒருவர், வழக்கமாகக் காய் வாங்கிய கடைக்காரர். ஒருவருக்கு 45 நிமிடம். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமானவங்க" என்பதோடு முடிந்துவிடும். "அவங்களுக்குக் கோபம் வந்தா எப்படித் தெரியும்?", "உங்களை எதுக்காவது திட்டியிருக்காங்களா?", "அவங்க கிட்ட வாங்கித் திருப்பிக் கொடுக்காத பாத்திரம் ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். மூடியிருந்த கதவு திறக்கும்.

நோயைப் பற்றி ஒரு பத்தி போதும். கடைசி ஆறு மாதம் அறுபது ஆண்டை மூடிவிடும் வலு கொண்டது. டாக்டர் சொன்னது, டெஸ்ட் முடிவு, ஐசியூ நாட்கள் எல்லாம் தனித்தாளில் எழுதி, வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் வேண்டாம். உங்களுக்குள் நடந்த சண்டை ஒன்றாவது புத்தகத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் படிக்கும் பிள்ளைகளுக்கே அது தங்கள் அம்மாவாகத் தெரியாது.

அம்மாவின் பிறந்த தேதி எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஒன்று, ஆதாரில் ஒன்று, ஜாதகத்தில் ஒன்று. எதைப் போடுவது?
(வாசகர், ஸ்ரீராமபுரம்)

ஜாதகம் இருந்தால் அதுதான் முதல் ஆதாரம். பள்ளித் தேதி, சேர்க்கும்போது வயது நிறைய வேண்டும் என்று கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். ஆதார் பெரும்பாலும் அதைப் பார்த்து எழுதியது.

ஜாதகத்தைப் படிக்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடியும். விகாரி என்றால் 1959 என்று கணக்குப் போட்டு, 'விகாரி வருடம் தை 12' என்பதற்கு 1959 ஜனவரி என்று எழுதிவிடுகிறார்கள். விகாரி ஆண்டின் தை மாதம் 1960 ஜனவரியில்தான் வருகிறது. ஆகவே அது 1960 ஜனவரி கடைசி வாரம். மார்கழி பாதி முதல் பங்குனிவரை பிறந்தவர்கள் எல்லாருக்கும் இந்த ஒரு வருடம் இடறும். கிழமையும் நட்சத்திரமும் ஜாதகத்தில் இருக்கும். கண்டுபிடித்த தேதியோடு அவை இரண்டும் பொருந்துகின்றனவா என்று பழைய பஞ்சாங்கத்தில் சரிபாருங்கள்.

மற்ற ஆண்டுகள் நினைவில்லாவிட்டால் ஊர் நிகழ்ச்சியோடு பொருத்திக் கேளுங்கள். "இந்த வீட்டுக்கு வந்தது 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" "ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினபோது பெரியவன் எந்த வகுப்பு?" அது 2000 ஜூலை 30. அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை திறந்தது 2009 ஆகஸ்ட். பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடுக்கு முதல் மெட்ரோ ஓடியது 2011 அக்டோபர். பெங்களூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் எதற்கும் இவை மறந்திருக்காது.

பெயரையும் முழுதாக எழுதுங்கள். பிறந்த வீட்டு இனிஷியல், புகுந்த வீட்டு இனிஷியல், வீட்டில் கூப்பிட்ட பெயர் மூன்றும் வேண்டும். கணவர் பெயருக்கு முன்னால் 'திருமதி' போட்டு முடித்த நினைவு மலர்களில் அந்த அம்மாவின் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது.

மனைவியின் தனிப்படம் ஒன்றுகூட இல்லை. பழைய பாஸ்போர்ட் சைஸ் படம், ஒரு கல்யாண குரூப் போட்டோ, அவ்வளவுதான். பெரிதாக்கி மாட்ட முடியுமா?
(வாசகர், விஜயநகர்)

முடியும். போன் கேமராவால் படத்தைப் படம் எடுத்துக் கொடுக்காதீர்கள், ஸ்கேன் செய்யுங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 புள்ளி கிடைக்கும். அது 12க்கு 18 அங்குலம் பெரிதாக்கத் தாங்கும். குரூப் போட்டோவில் அவர் முகம் கால் அங்குலம்தான் இருக்குமென்றால் அந்தக் கணக்கு உதவாது. பாஸ்போர்ட் படத்தை 1200 டிபிஐயில் எடுத்து 8க்கு 10 அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் புள்ளிகள் கூடுமே தவிர முகத்தில் தெளிவு கூடாது.

ஸ்டுடியோவில் இப்போது ஒரே சொடுக்கில் முகத்தைத் 'தெளிவாக்கும்' மென்பொருள் வைத்திருக்கிறார்கள். அது இல்லாத விவரத்தைத் தானாக வரைந்து நிரப்புகிறது. கண்ணோர மடிப்பு போய்விடும், பல்வரிசை மாறும், மூக்குத்தி ஒரு வெள்ளைப் புள்ளியாகக் கரையும். அழகாக இருக்கும், ஆனால் வேறொருவர் முகமாக இருக்கும். தூசி, கீறல், மடிப்பு மட்டும் நீக்கச் சொல்லுங்கள். படம் இடவலம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். முந்தானை வலது தோளில் கிடந்தால் பெரும்பாலும் திருப்பி அச்சிட்டதுதான்.

ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள், மேல்பூச்சு வெடிக்கும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு மெதுவாக அறுத்துக்கொண்டே வாருங்கள். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படம் என்றால் பிரிக்கவே வேண்டாம். கண்ணாடியோடு வைத்து ஸ்கேன் செய்யுங்கள்.

அது ஏன் ஒட்டுகிறது என்று தெரிந்தால் புதுப் படம் பிழைக்கும். நெற்றிப் பொட்டு இருக்குமிடத்தில் கண்ணாடி மேல் சந்தனம் குழைத்து வைத்துக் குங்குமம் இடுகிறோம். தண்ணீர் தெளித்த பூமாலை வேறு. ஈரம் கண்ணாடியில் வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கித் தேங்குகிறது. அங்கிருந்து படம் கண்ணாடியை மெல்லப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு மூன்று ஆண்டில் கீழ்விளிம்பில் பழுப்பு அலை எழும்பும். பிரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் அட்டை மவுண்ட் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். சந்தனத்தைக் கெட்டியாகக் குழையுங்கள். மாலையை உதறி, ஈரம் வடிந்தபின் போடுங்கள். விளக்கு படத்திலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். சுவரில் தொங்குவது நகலாக இருக்கட்டும். மூலப்படத்தைக் காகித உறையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

அம்மாவின் சாம்பார் பொடி அளவு யாருக்கும் தெரியாது. கேட்டால் "கண்ணளவுதான்" என்பார். மீண்டும் கொண்டுவர வழி உண்டா?
(வாசகி, ராமமூர்த்தி நகர்)

கண்ணளவு என்றாலும் கை ஏதோ ஒரு பாத்திரத்தால்தான் அளந்திருக்கும். அந்த டம்ளரை முதலில் கண்டுபிடியுங்கள். எவர்சில்வரோ, அடிநசுங்கிய ஆழாக்கோ, ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியோ. எடைத்தராசில் அதை வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். எத்தனை கிராம் கூடுகிறதோ அத்தனை மில்லி. பிறகு அதே டம்ளரில் மல்லி, பருப்பு, மிளகாய் தனித்தனியாக நிரப்பி எடை குறித்துக்கொள்ளுங்கள். 'ஒரு டம்ளர்' மல்லியும் 'ஒரு டம்ளர்' துவரம்பருப்பும் ஒரே எடை அல்ல. அஞ்சறைப்பெட்டியின் கரண்டியையும் அப்படியே அளக்கவும்.

தொடக்கத்துக்கு ஒரு பொது அளவு: மல்லி 100 கிராம், மிளகாய் 50, துவரம்பருப்பு 20, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம் தலா 10, வெந்தயம் 5, விரலி மஞ்சள் 5. மிக்சியில் அரைக்கத் தோதான அளவு இது. சாம்பார் வைத்துப் பாருங்கள். அம்மா கையால் அதிக நாள் சாப்பிட்டவர் மூவரை உட்காரவைத்து, எது குறைகிறது என்று கேளுங்கள். அடுத்த முறை ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எதனால் நெருங்கியது என்று தெரியாமல் போகும்.

பெரும்பாலும் தவறுவது மூன்று இடத்தில். முதலாவது மிளகாய். பெங்களூருக்கு வந்தபின் நிறத்துக்காகப் பாதி பேடகி மிளகாய் சேர்க்கத் தொடங்கியவர்கள் அநேகம். பேடகி சிவப்பு அதிகம், காரம் குறைவு. முழுக்கக் குண்டூர் மிளகாய் போட்டுவிட்டு "காரமாக இருக்கிறது, அம்மாவுடையது போல இல்லை" என்று பயன் இல்லை. இரண்டாவது வெந்தயம். சிவந்ததும் இறக்க வேண்டும், ஒரு நிமிடம் பிந்திக் கருத்தால் பொடியே கசக்கும். மூன்றாவது வறுப்பதா, வெயிலில் காயவைப்பதா என்பது. மாடியில் துணி விரித்துக் காயவைத்தது வீட்டில் யாருக்காவது நினைவிருக்கும், கேளுங்கள்.

மில்லில் அரைத்தாரென்றால் பழக்கமான மில் எது என்று பாருங்கள். நம் ஊர் மில்களில் முன்னால் ராகி ஓடியிருந்தால் முதல் பிடியில் அது கலந்து வரும். தெரிந்தவர்கள் மிளகாய் அரைத்தவருக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்பார்கள். சூடாக வரும் பொடியை அப்படியே டப்பாவில் அடைத்தால் ஆவி கோத்துக் கட்டிதட்டும். பேப்பரில் பரப்பி முழுதும் ஆறியபின் அடைக்கவும்.

அம்மா கடைசியாக அரைத்த பொடி டப்பாவில் கொஞ்சம் மீதி இருந்தால் அதை உபயோகிக்காமல், இறுக்கி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். நிறமும் அரைப்பதமும் ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

அம்மா பாடிய கேசட் ஒன்று உள்ளது. 1988 என்று எழுதியிருக்கிறது. டேப் ரிக்கார்டரில் போட்டுப் பார்க்கலாமா?
(வாசகர், காக்ஸ் டவுன்)

போட்டுப் பார்க்காதீர்கள். முதல்முறை ஓடுவதே பதிவு செய்யும் ஓட்டமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதுவே கடைசி ஓட்டமாகவும் ஆகலாம். கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள், தவறி மேலே பதிவாவது நின்றுவிடும். நடுவில் நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் ஒலி மங்கும், வேறு கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்ற வேண்டும். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் நீங்கள் தொடாமல், பழகியவரிடம் கொடுங்கள். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, வேறொரு பழைய கேசட்டை ஓட்டிச் சோதித்தபின் இதைப் போடுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள், எஸ்.பி. ரோடில் கிடைக்கும். வேவ் வடிவத்தில் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 600 எம்பி ஆகும். பாட்டுக்கு நடுவில் குக்கர் விசில், குழந்தை அழுகை கேட்டால் அதை வெட்ட வேண்டாம்.

புத்தகம் அச்சடிக்க எத்தனை பக்கம், எந்தத் தாள்? பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது, கன்னடமும் ஆங்கிலமும்தான். அவர்களுக்கு என்ன செய்வது?
(வாசகி, கோரமங்களா)

ஏ-5 அளவு, 32 பக்கம், நடுப்பின் அடித்தது வசதியானது. நடுப்பின் என்றால் பக்கம் நாலின் மடங்கில்தான் இருக்க வேண்டும். 30 பக்கம் கொடுத்தால் இரண்டு வெற்றுப் பக்கம் விழும். 12 புள்ளி எழுத்தில் பக்கத்துக்கு ஏறக்குறைய 170 சொல் பிடிக்கும். 2,500 சொல் எழுதினால் பதினைந்து பக்கம், மீதி படங்களுக்கு. உள்தாள் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், அட்டை 300 ஜிஎஸ்எம். நூறு, இருநூறு பிரதிக்கு டிஜிட்டல் அச்சே போதும்.

சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கத்து அச்சகங்களில் வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் தமிழ் தெரியாதவர் பக்கம் அமைத்தால் எழுத்து உடையும். 'கொ' என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே புள்ளி வட்டம் என்று வரும். 'ஸ்ரீ' இரண்டாகப் பிரியும். நீங்களே வீட்டில் தட்டச்சு செய்து, எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். திரையில் பார்த்து ஒப்புதல் தராமல், ஒரு பிரதி தாளில் எடுத்து, கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ வரும் சொற்களை விரல் வைத்துப் பாருங்கள். பெயர்களையும் தேதிகளையும் வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

பேரப்பிள்ளைகளுக்காகத் தமிழைக் கன்னட எழுத்தில் எழுதித் தரலாம் என்று தோன்றும். ழ, ற, ன மூன்றுக்கும் இன்றைய கன்னட எழுத்தில் தனி இடமில்லை, பாட்டி ஊரின் பெயரே மாறிப்போகும். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் அவர்கள் படிக்கும் மொழி என்று அமையுங்கள். பாட்டி கூப்பிட்ட "கண்ணு", "ராசா", "சாமி" போன்றவற்றை மொழிபெயர்க்காமல் விடுங்கள். தாத்தா முழுப் புத்தகத்தையும் வாசிக்க, அதைப் பதிவு செய்து கூடவே கொடுங்கள். க்யூஆர் கோடு போடுவதானால் ஒன்றைக் கவனியுங்கள். இலவசத் தளங்கள் தரும் கோடுகளில் சில, குறிப்பிட்ட நாளுக்குப் பின் பணம் கேட்டு நின்றுவிடும். உங்கள் சொந்த டிரைவ் இணைப்பை நேராகத் தாங்கிய நிலையான கோடாகப் போடுங்கள்.

அம்மாவின் திதி தை மாதமா, புஷ்ய மாதமா? கன்னடக் காலண்டரும் தமிழ்க் காலண்டரும் திதிக்கு வேறு வேறு நாள் காட்டுகின்றன.
(வாசகர், மல்லேஸ்வரம்)

இரண்டு காலண்டரிலும் திதி ஒன்றுதான், மாதக் கணக்குதான் வேறு. நமக்கு மாதம் சூரியன் ராசி மாறுவதை வைத்து. கன்னட வழக்கில் அமாவாசையோடு முடியும் சந்திர மாதம், அதில் சில ஆண்டு அதிக மாதமும் வரும். 2023இல் சிராவணம் அப்படி இருமுறை வந்தது. ஆவணித் தேய்பிறைப் பஞ்சமி ஓர் ஆண்டு கன்னடத்தில் சிராவணத்திலும், இன்னோர் ஆண்டு பாத்ரபதத்திலும் விழலாம். உங்கள் குடும்ப வழக்கு தமிழ் மாதம் என்றால் தமிழ்ப் பஞ்சாங்கத்தையே பாருங்கள். உள்ளூர்ப் புரோகிதரிடம் "சௌரமானம்" (சூரியக் கணக்கு) என்று சொல்லிவிடுங்கள்.

இறந்த நேரத்தை மணி நிமிடத்தோடு எழுதிவையுங்கள். திதி நாளின் எந்த வேளையிலும் மாறும். அதிகாலை இரண்டரை மணி என்றால் ஆங்கிலத் தேதி மாறியிருக்கும். தமிழ் நாள் சூரிய உதயத்தில்தான் மாறும் என்பதால் முந்தின நாள் கணக்குதான். ஒரே தமிழ் மாதத்தில் அந்தத் திதி இரண்டுமுறை வந்தால் எதை எடுப்பது என்பதைக் குடும்பப் பெரியவரிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கணவர் இருக்கையில் காலமானவர் என்றால் மகாளய பட்சத்தின் அவிதவா நவமியும் அவருக்குரிய நாள். வேலூர், திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரிக்கு (குடும்பத்தில் இறந்து தெய்வமாக வணங்கப்படும் பெண்ணுக்கு) செய்யும் வழக்கம் உண்டென்றால் அதன் முறையையும், என்னென்ன வாங்க வேண்டும் என்பதையும், அதை நடத்தத் தெரிந்தவர் இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பட்டுச் சேலைகள் பதினாலு. அப்படியே பீரோவில் வைத்திருக்கிறோம். கெட்டுப்போகுமா?
(சகோதரிகள் இருவர், பிரேசர் டவுன்)

அப்படியே வைத்தால் கெடும். பட்டு மடிப்பில்தான் இற்றுப்போகும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் ஆறவிட்டு, மடிப்பை இடம் மாற்றி மடியுங்கள். பிளாஸ்டிக் கவரை எடுத்துவிட்டு, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். அந்துருண்டை சரிகையில் படக் கூடாது. வேப்பிலையோ கிராம்போ துணியில் முடிந்து ஓரமாக வைத்தால் போதும்.

பங்கிடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் விரித்துப் படமெடுங்கள். எந்த விசேஷத்துக்கு, எந்தக் கடையில், யார் எடுத்தது என்று பருத்தி நாடாவில் எழுதி உள்ஓரத்தில் தைத்துவிடுங்கள். நைந்த பட்டைப் போர்வைக்கு வெட்டாதீர்கள், தையல் வாங்காது. பருத்திச் சேலைகள் இருந்தால் வட கர்நாடகத்தில் கவுதி (பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வை) தைப்பவர்களிடம் கொடுக்கலாம். இரண்டையாவது முழுதாக விட்டுவையுங்கள், அடுத்து வரும் குழந்தைக்குத் தூளி கட்ட.

அம்மாவின் கோல நோட்டு எண்ணெய்க் கறையும் பென்சில் கோடுமாக மங்கிவிட்டது. ஜெராக்ஸ் எடுத்தால் ஒன்றும் விழவில்லை.
(வாசகி, ஹெச்.ஏ.எல்.)

கறுப்புவெள்ளையில் எடுக்காமல் கலரில் 400 டிபிஐ ஸ்கேன் செய்யுங்கள், மங்கிய பென்சிலும் தெரியும். ஒட்டியிருக்கும் பத்திரிகைத் துணுக்குகள் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும், நடுவே வெள்ளைத் தாள் வையுங்கள். சில பக்கங்களில் புள்ளிக் கணக்கு மட்டும் இருந்து கோடு இருக்காது. அவற்றை அம்மாவோடு மார்கழியில் வாசலில் நின்றவர் யாராவது போட்டுக்காட்டட்டும், கை ஓடும்போது வீடியோ எடுங்கள். எந்தப் புள்ளியில் தொடங்கினார் என்பதுதான் நோட்டில் இல்லாத விஷயம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கணக்கையே பெயராக வையுங்கள்: 15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி.